சூக் கன்வெர்ட்டர்: ஒரே வளையத்தில் இரண்டு காயில்

சோலார் பேனலிலிருந்து 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும் என்றால் நம்மில் பெரும்பாலோர் கட்டுவது, வோல்டேஜை இறக்கித் தரும் பக் கன்வெர்ட்டர். மலிவு, எளிது, திறனும் நன்றாக இருக்கும். ஆனால் அதில் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயம் உண்டு. பக் கன்வெர்ட்டர் பேனலிலிருந்து கரண்டை விட்டுவிட்டுத்தான் இழுக்கும். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது முழு ஓட்டம், திறந்ததும் பூஜ்யம். பேனல் இதற்கு ஒத்துவராத பொருள். வெயிலுக்குத் தக்க ஆம்பியரைத்தான் அது தரும், அதற்கு மேல் கேட்டால் வோல்டேஜ் சரிந்துவிடும்.

என்னிடம் இருப்பது 36 செல் கொண்ட 20 வாட் பேனல். பின்பக்க லேபிளில், அதிகபட்சத் திறன் கிடைக்கும் புள்ளியில் 17.5 வோல்ட், 1.14 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. இரண்டு முனையையும் ஷார்ட் செய்தாலும் 1.25 ஆம்பியருக்கு மேல் வராது. பேட்டரிக்கு 13.2 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் போக வேண்டுமானால், பக் கன்வெர்ட்டரின் ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரத்தில் பேனல் பக்கத்திலிருந்தும் அந்த 1.5 ஆம்பியர் வர வேண்டும். பேனலிடம் அது கிடையாது. அதனால்தான் முன்னால், உள்ளே திரவம் கொண்ட ஒரு பெரிய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரைப் போட்டு, அதை நிரப்பி நிரப்பி எடுக்கிறோம். மொட்டை மாடி வெயிலில், பெட்டிக்குள் முதலில் காய்ந்துபோவதும் அந்தக் கெபாசிட்டர்தான். அதன் வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை 1970-களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் பசடேனா நகரில் உள்ள கால்டெக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸ்லோபொடான் சூக் என்ற செர்பியப் பொறியாளர் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவரும் பேராசிரியர் மிடில்புரூக்கும் சேர்ந்து 1976-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்விட்ச் மூடிய நிலைக்கு ஒரு சமன்பாடு, திறந்த நிலைக்கு ஒரு சமன்பாடு. இரண்டையும் அந்தந்த நிலை நீடிக்கும் நேரத்தின் விகிதப்படி சராசரி எடுத்து ஒரே கணித மாதிரியாக ஆக்கலாம் என்றது அது. பவர் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் இந்த முறையைக் கற்கிறார்கள். அடுத்த வருடம், 1977-ல், புதிய சர்க்யூட் ஒன்றை இருவரும் அறிமுகப்படுத்தினார்கள். அதுதான் சூக் கன்வெர்ட்டர்.

அதன் பின்னால் இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டரின் உள்ளே வரும் பக்கத்தில் காயில் இருப்பதால் அங்கே கரண்ட் தொடர்ந்து ஓடும், வெளியே விட்டுவிட்டு வரும். பக் கன்வெர்ட்டரில் இது தலைகீழ். முன்னால் பூஸ்ட், பின்னால் பக் என்று வைத்தால் இரண்டு பக்கமும் கரண்ட் சீராக ஓடும். ஆனால் இரண்டு ஸ்விட்ச், இரண்டு டையோடு, நிறைய இழப்பு. சூக் இவற்றை ஒரே ஸ்விட்ச், ஒரே டையோடாக ஒடுக்கினார். நடுவில் மிச்சம் இருப்பது ஒரு கெபாசிட்டர். மற்ற கன்வெர்ட்டர்களில் சக்தியைச் சுமந்துபோவது காயில் என்றால், இங்கே அந்த வேலை முழுவதும் கெபாசிட்டருடையது. கிணற்றில் கவலை இறைக்கும் சால் போல, அது ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் திறந்திருக்கும்போது பேனல் பக்கத்துக் காயில் அதை நிரப்பும். மூடியதும் அது பேட்டரி பக்கத்துக் காயில் வழியாகக் காலியாகும்.

வெளியே வரும் வோல்டேஜுக்கு ஒரே சூத்திரம்தான். ஒரு சுற்றில் ஸ்விட்ச் மூடியிருக்கும் பங்கை டியூட்டி என்போம். டியூட்டியைத் திறந்திருக்கும் பங்கால் வகுத்து, உள்ளே வரும் வோல்டேஜால் பெருக்க வேண்டும். 17.5 வோல்ட்டிலிருந்து 13.2 வோல்ட் வேண்டுமானால் டியூட்டி 0.43. டியூட்டி 0.5-ஐத் தாண்டினால் உள்ளே வருவதைவிட அதிக வோல்டேஜ் கிடைக்கும். ஏற்றவும் இறக்கவும் ஒரே சர்க்யூட் போதும்.

சாமான்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவைதான். ஸ்விட்சுக்கு ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். ஸ்விட்ச் திறந்திருக்கும்போது அதன் மேல் விழுவது உள்ளே வரும் வோல்டேஜும் வெளியே போகும் வோல்டேஜும் கூட்டிய தொகை. வெயிலில் லோடு இல்லாமல் பேனல் 21.6 வோல்ட், பேட்டரி 14.4 வோல்ட் என்றால் 36 வோல்ட், அதற்கு மேல் ஸ்விட்ச் திறக்கும் நொடியில் வரும் துள்ளல் வேறு. 55 வோல்ட் மாஸ்ஃபெட் தாங்கலாம், ஆனால் நிம்மதி இருக்காது. 100 வோல்ட் பார்த்து வாங்குங்கள். டையோடுக்கும் அதே காரணம். எல்லோரும் எடுக்கும் 1என்5822 ஷாட்கி 40 வோல்ட்தான் தாங்கும் என்பதால் அதை விட்டுவிட்டு எம்பிஆர்20100 போட்டேன். இந்தச் சர்க்யூட்டில் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கால் நேராகக் கிரவுண்டில் இருப்பதால் கேட் டிரைவ், அதாவது அதைத் திறந்து மூடும் சிக்னலைக் கொடுப்பது, சுலபம். டிசி4427 டிரைவர் ஐசி ஒன்று போதும், அதற்கு 12 வோல்ட் பேனலிலிருந்தே 7812 ரெகுலேட்டர் வழியாக வருகிறது.

நடுக் கெபாசிட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மொத்தச் சக்தியும் அதன் வழியாகப் போவதால், இந்த அளவு சார்ஜரிலேயே அதில் 1.3 ஆம்பியர் ஆர்எம்எஸ் (சூடாக்கும் அளவில் கணக்கிட்ட கரண்ட்) ஓடும். எலக்ட்ரோலிடிக் போட்டால் கை வைக்க முடியாத அளவு சுடும். 4.7 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் இரண்டை இணையாகப் போட்டிருக்கிறேன். மணிக்கணக்கில் ஓடினாலும் வெதுவெதுப்புக்கூட இல்லை.

கட்டுவதற்கு முன்னால் இன்னொரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். சூக் கன்வெர்ட்டரின் அவுட்புட் தலைகீழ். பேனலின் மைனஸ்தான் சர்க்யூட்டின் கிரவுண்ட் என்றால், பேட்டரியின் பிளஸ் அந்தக் கிரவுண்டோடு சேரும். பேட்டரியின் மைனஸ், கிரவுண்டுக்குக் கீழே மைனஸ் 13 வோல்ட்டில் நிற்கும். பேனல் மைனஸையும் பேட்டரி மைனஸையும் எங்காவது ஒரே எர்த்தில், ஒரே இரும்புப் பெட்டியில் சேர்த்தால் பேட்டரியே ஷார்ட் ஆகும். பேட்டரி வயரில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடாமல் இதைத் தொடாதீர்கள்.

அப்புறம், சார்ஜரைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ பேட்டரி வோல்டேஜை எப்படிப் படிக்கும்? மைனஸ் வோல்டேஜை அதன் காலில் கொடுக்க முடியாது. இரண்டு ஆம்ப்ளிஃபயர் கொண்ட எல்எம்358 ஐசியின் ஒரு பாதியைத் தலைகீழாக்கும் ஆம்ப்ளிஃபயராக வைத்தால் வேலை முடிந்தது. பேட்டரி மைனஸிலிருந்து 100 கிலோஓம், ஃபீட்பேக்கில் 30 கிலோஓம். மைனஸ் 13.2 வோல்ட், பிளஸ் 3.96 வோல்ட்டாக வந்துவிடும். மறுபாதி பேனல் கரண்டை அளக்கிறது. பேனல் மைனஸ் வயரில் 0.05 ஓம் ரெசிஸ்டர், அதில் விழும் வோல்டேஜும் கிரவுண்டுக்குக் கீழேதான் இருக்கும் என்பதால் அதே தலைகீழ் முறையில் 47 மடங்கு பெருக்கினால் போதும். ஒரே ஐசியில் இரண்டு வேலையும் முடிந்தது.

முதலில் காயில்களைத் தனித்தனியாகவே வைத்துப் பார்த்தேன். பழைய கணினியின் பவர் சப்ளையில் இருக்குமே, மஞ்சள்-வெள்ளை வளையம், அதில் வெளிவிட்டம் 27 மில்லிமீட்டர் வருவதாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். இரும்புத் தூள் கோர். ஒவ்வொன்றிலும் 70 சுற்று சுற்றினால் மீட்டரில் 456 மைக்ரோஹென்றி. ஸ்விட்சை 50 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினேன். சர்க்யூட் முதல் தடவையே நன்றாக எழுந்து நின்றது. பேனல் பக்கத்தில் 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், பக் கன்வெர்ட்டரின் கோட்டைச் சுவர் வடிவம் போய், மேலும் கீழும் சாயும் முக்கோண அலை. அடியிலிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட 0.35 ஆம்பியர். இந்த அலைவுக்குத்தான் ரிப்பிள் என்று பெயர்.

நல்லதுதான், ஆனால் போதாது. சராசரி 1.14 ஆம்பியருக்கு மேல் பாதி ரிப்பிளைக் கூட்டினால் உச்சி 1.3 ஆம்பியரைத் தாண்டுகிறது. பேனல் ஷார்ட்டிலேயே தருவது 1.25. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் பேனல் இன்னும் திணறுகிறது. முன்னால் ஒரு கெபாசிட்டர் இன்னும் தேவைப்படுகிறது. முன்பைவிடச் சின்னதாக இருந்தால் போதும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் சூக்கின் அடுத்த யோசனை வருகிறது. எனக்கு இந்தச் சர்க்யூட்டின் மேல் ஆசை வரக் காரணமே அதுதான். இரண்டு காயில்களின் மேலும் விழும் வோல்டேஜைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுக் கெபாசிட்டரில் நிற்பது பேனல் வோல்டேஜும் பேட்டரி வோல்டேஜும் கூட்டிய தொகை, அதாவது ஏறக்குறைய 31 வோல்ட். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது பேனல் பக்கத்துக் காயிலில் விழுவது 17.5 வோல்ட். பேட்டரி பக்கத்துக் காயிலில் விழுவது கெபாசிட்டரின் 31-லிருந்து பேட்டரியின் 13.2 போக மிச்சம், அதுவும் 17.5-தான். ஸ்விட்ச் திறந்ததும் இரண்டிலும் மைனஸ் 13.2. எந்த நொடியிலும் இரண்டு காயில்களிலும் ஒரே வோல்டேஜ், ஒரே வடிவம். டியூட்டி மாறினாலும், வெயில் மாறினாலும் இது மாறாது.

ஒரே வோல்டேஜ் விழும் இரண்டு காயில்களை ஏன் இரண்டு வளையத்தில் சுற்ற வேண்டும்? ஒரே வளையத்தில் சுற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் போல ஒன்றின் காந்தப்புலம் மற்றதற்கும் உதவும். இதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று இருக்கிறது. பேட்டரி பக்கத்துக் காயில் பேனல் பக்கத்துக் காயிலில் தூண்டும் வோல்டேஜ், வெளியிலிருந்து அதன் மேல் விழும் வோல்டேஜுக்குச் சரியாகச் சமமாக இருந்தால், அந்தக் காயிலின் கரண்டை ஏற்றவோ இறக்கவோ மிச்ச வோல்டேஜே இருக்காது. அப்படியென்றால் ரிப்பிள் பூஜ்யம். சின்னது இல்லை, பூஜ்யம். ஒரு காயிலின் அலைவு முழுவதும் மற்ற காயிலுக்குப் போய்விடும். பேட்டரி அந்த அலைவைப் பொருட்படுத்தாது. பேனலுக்குத்தான் அது ஆகாது. எனவே பேனல் பக்கத்தில் பூஜ்யம் ஆக்குவதுதான் நமக்கு வேண்டியது.

சமமாக இருக்க என்ன நிபந்தனை? ஒரு காயிலின் காந்தப்புலம் முழுவதும் அடுத்த காயிலுக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் வெளியே கசியும். கசிவால் குறையும் வோல்டேஜை, பேனல் பக்கத்தில் சில சுற்றுகள் கூடுதலாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். எத்தனை என்பதை காயிலின் தூண்டலை அளக்கும் ஒரு சாதாரண எல்சிஆர் மீட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். வளையத்தின் ஒரு பாதியில் ஒரு காயில், மறு பாதியில் இன்னொன்று, இரண்டும் 70 சுற்று. இரண்டையும் வரிசையாக இணைத்து அளந்தால் 1760 மைக்ரோஹென்றி; ஒன்றை மட்டும் திருப்பி இணைத்து அளந்தால் 64. இரண்டின் வித்தியாசத்தை 4-ஆல் வகுத்தால் 424, அதுதான் இரண்டுக்கும் இடையிலான பரஸ்பரத் தூண்டல். தனிக் காயிலின் 456-ஆல் அதை வகுத்தால் 0.93. பேனல் பக்கச் சுற்று எண்ணிக்கை 70-ஐ 0.93-ஆல் வகுத்தது, அதாவது 75, ஆக இருக்க வேண்டும்.

கணக்கு சொன்னது 75. சர்க்யூட் கேட்டது 78. காரணம் இரும்புத் தூள் கோரின் குணம். மீட்டர் அளக்கும்போது கோரில் நிலைக் கரண்ட் (ஒரே திசையில் ஓடும் டிசி) எதுவும் இல்லை. சார்ஜர் ஓடும்போது பேனல் கரண்ட், பேட்டரி கரண்ட் இரண்டின் காந்தப்புலமும் ஒரே திசையில் கூடிக்கொள்கின்றன, 2.6 ஆம்பியரும் சேர்ந்து அந்த ஒரே வளையத்தை அழுத்துகிறது. அப்போது கோரின் ஊடுதிறன், அதாவது காந்தப்புலத்தை ஏற்கும் அளவு, குறையும், காற்றில் கசியும் பங்கு மட்டும் அப்படியே இருக்கும். ஒப்பீட்டில் கசிவு கூடுகிறது, கூடுதல் சுற்றும் கூடுகிறது. எனவே பேனல் பக்கக் காயிலின் ஒரு முனையை நீளமாக விட்டுவைத்து, சார்ஜர் முழு வெயிலில் ஓடும் நேரத்தில் ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே சுற்றைக் கூட்டுவதுதான் சரியான வழி. சுற்றும் ஒவ்வொரு தடவையும் பேனல் வயரைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்கோப்பில் அதைப் பார்ப்பது பேரானந்தம். இரண்டிலும் 70 சுற்று இருந்தபோது ரிப்பிள் 0.25 ஆம்பியருக்கு இறங்கியது. தனித்தனியாக இருந்ததில் பாதிதான் வந்திருக்க வேண்டும். கோர் அழுத்தத்தால் தூண்டல் குறைந்ததில் அவ்வளவு இறங்கவில்லை. பேனல் பக்கத்தில் சுற்றைக் கூட்டக் கூட்ட முக்கோணம் தட்டையாகிக்கொண்டே வந்தது. 78-ல் கிட்டத்தட்ட நேர்கோடு. ஸ்விட்ச் மாறும் இடங்களில் மட்டும் மெல்லிய முட்கள். இன்னும் இரண்டு சுற்று கூட்டியதும் முக்கோணம் திரும்பி வந்தது, ஆனால் கவிழ்ந்து வந்தது. முன்பு ஏறிய இடத்தில் இப்போது இறங்குகிறது. பூஜ்யத்தைக் கடந்துவிட்டோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. திரும்ப 78-க்கே வந்து, முனையை சால்டர் செய்து, வளையத்தை எபாக்ஸி போட்டு ஒட்டிவிட்டேன். பேட்டரி பக்கத்தில் ரிப்பிள் 0.5 ஆம்பியர் அளவுக்கு ஏறியிருக்கிறது. இதைக் குறைக்க விரும்புவோர் இரண்டு வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அதில் 50 சுற்று வாக்கில் சுற்றலாம். தூண்டல் அதே அளவு வரும், கோரின் மேல் அழுத்தமும் குறையும்.

இவ்வளவு சின்ன ரிப்பிளை அளக்கும்போது கவனம் தேவை. 0.1 ஓம் ரெசிஸ்டரில் 0.02 ஆம்பியர் என்பது வெறும் 2 மில்லிவோல்ட். ஸ்கோப் புரோபின் நீள கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, நுனியில் போடும் சின்ன ஸ்பிரிங்கை மாட்டினால்தான் உண்மையான அலை தெரியும். இல்லையென்றால் அந்த வயர் ஆன்டெனாவாக வேலை செய்து பொய்யான முட்களைக் காட்டும்.

முன்னால் இருந்த பெரிய எலக்ட்ரோலிடிக்கை எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் மட்டும் வைத்தேன். பேனல் வோல்டேஜ் அசையவில்லை. மத்திய அலை ரேடியோவைப் பேனல் வயர் அருகே கொண்டுபோனால் பக் சார்ஜரில் நிலையமே கேட்காத அளவு இரைச்சல் வரும். இதில் வயரைத் தொட்டபடி வைத்தாலும் பேச்சு புரிகிறது.

அதிகபட்சத் திறனைத் தேடும் நிரலில் புதுமை ஒன்றும் இல்லை. டியூட்டியை ஒரு படி நகர்த்திப் பார், திறன் கூடினால் அதே திசையில் போ, குறைந்தால் திரும்பு. ஆர்டுயினோவின் டைமர்-1-ஐ 320 படிகளில் ஓட்டினால் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் சரியாக 50 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். படியை அவசரப்பட்டு மாற்றக் கூடாது. பேனல் பக்கத்துக் காயிலும் நடுக் கெபாசிட்டரும் சேர்ந்து 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஊசலாடும் குணம் உள்ளவை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே 200 மில்லிசெகண்ட் விட்டால் அந்த ஊசல் அடங்கிவிடும். டியூட்டி 0.7-ஐத் தாண்டாமல் நிரலிலேயே கட்டிப்போடுங்கள். பேட்டரி வயர் கழன்றால் அவுட்புட் வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறும் என்பதால் அதிக வோல்டேஜை வெட்டிவிடும் 18 வோல்ட் டிவிஎஸ் டையோடு ஒன்று கட்டாயம் வேண்டும். சார்ஜை 14.4 வோல்ட்டில் நிறுத்துவது 25 டிகிரிக்கான கணக்கு. நம் ஊர் 35 டிகிரியில் 14.2 போதும்.

உள்ளே வரும் சக்தியில் பேட்டரிக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? நல்ல வெயிலில் 87 சதவீதம். இதே வேலைக்கு நன்றாகக் கட்டிய பக் கன்வெர்ட்டர் 90-ஐத் தாண்டும். இந்தச் சர்க்யூட்டில் ஸ்விட்சும் டையோடும் இரண்டு பக்கக் கரண்டையும் கூட்டிச் சுமக்கின்றன, அந்த இழப்பைத் தவிர்க்க முடியாது. வெறும் சதவீதம்தான் முக்கியம் என்பவர்கள் பக்கோடு இருக்கலாம். எனக்கு அந்தச் சில சதவீதத்தைவிட, காய்ந்துபோகும் கெபாசிட்டர் இல்லாத சார்ஜர் பெரிது.

பாதுகாப்பிலும் இது ஒரு படி மேல். பக் கன்வெர்ட்டரில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் பேனல் நேராகப் பேட்டரியில் போய் நிற்கும், பேட்டரி கொதிக்கும். சூக்கில் அதே மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் பேனல்தான் ஷார்ட் ஆகும், அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. பேட்டரிக்கும் பேனலுக்கும் நடுவே கெபாசிட்டர் இருப்பதால் நிலைக் கரண்ட் அந்தப் பக்கம் போக வழியே இல்லை. இரவில் பேட்டரி பேனல் வழியாகத் திரும்பி வடியும் பிரச்சினையும் அதே காரணத்தால் இல்லை; பக் சார்ஜரில் அதற்காகப் போடும் தனி டையோடு இங்கே வேண்டாம்.

பழைய விளக்கு ஒன்றிலிருந்து எடுத்த 9 வோல்ட் பேனலையும் இதில் மாட்டிப் பார்த்தேன். கேட் டிரைவருக்கு மட்டும் தனி அடாப்டரில் 12 வோல்ட் கொடுத்தேன். டியூட்டி தானாக 0.59-க்கு ஏறி, அதே 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆரம்பித்தது. பேனல் பக்க ரிப்பிள் அப்போதும் எழவில்லை; கரண்ட் குறைவாக இருந்ததால் கோர் லேசாகித் துளி அலை மட்டும் தெரிந்தது.

தலைகீழ் அவுட்புட்தான் இதில் இருக்கும் ஒரே தொல்லை. அதற்கும் கால்டெக்கிலேயே வழி கண்டிருக்கிறார்கள். நடுக் கெபாசிட்டரை இரண்டாகப் பிரித்து, இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால் பேனலும் பேட்டரியும் மின்சாரத் தொடர்பே இல்லாமல் பிரிந்துவிடும், பிளஸ் மைனஸை விரும்பியபடி மாட்டலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் இரண்டு காயில்களோடு ஒரே கோரில் சுற்ற முடியும். அதற்கு வளையம் உதவாது, ஃபெரைட் ஈ-கோர் வேண்டும்; நடுக்காலில் டிரான்ஸ்ஃபார்மரையும் வெளிக்கால்களில் காயில்களையும் சுற்றி, காற்று இடைவெளியை வைத்து ரிப்பிளைப் பூஜ்யமாக்க வேண்டும். கோர் வாங்கி வைத்திருக்கிறேன். இடைவெளிக்கு எவ்வளவு தடிமன் காகிதம் வைப்பது என்று அளந்துகொண்டிருக்கிறேன்.